ஒத்துக்கொள்ளாதது உணவுதானா?
கர்ப்ப காலத்தில் வயிறும் செரிமானமும்

கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு, “எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளவில்லை” என்பதே. நேற்றுவரை விரும்பி உண்ட சாம்பார் இன்று நெஞ்சைக் கரிக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது. அடுக்களையில் தாளிக்கும் மணம் எழுந்தாலே குமட்டுகிறது. மலம் கழிந்து மூன்று நாளாகிறது. இதையெல்லாம் பார்த்து வருந்தும் வீட்டார், அன்பு மிகுதியால் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஒத்துக்கொள்ளாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவது. வாயு என்று பருப்பு போகிறது. சூடு என்று முட்டை போகிறது. சளி பிடிக்கும் என்று தயிரும், அரிப்பு வரும் என்று கத்தரிக்காயும், இரவில் செரிக்காது என்று கீரையும் விலகுகின்றன. ஆறாம் மாதத்தில் அந்தப் பெண்ணின் தட்டில் ரசம் சாதமும், ரஸ்க்கும், தேநீருமே எஞ்சியிருக்கின்றன.

நெஞ்செரிச்சல் நின்றதா என்று கேட்டால், இல்லை என்பார். நிற்காது. பெரும்பாலான வேளைகளில் எரிச்சலுக்குக் காரணம் சாம்பாரோ முட்டையோ அன்று. அவற்றை வாங்கிக்கொள்ளும் குடலும் இரைப்பையும் மாறியிருக்கின்றன. உணவை மாற்றுவதற்கு முன், அதை உண்ணும் நேரத்தையும் அளவையும் உண்டபின் இருக்கும் நிலையையும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். உணவுக்குத் தொடர்பே இல்லாத சில வலிகளும் “வாயு” என்ற பெயரில் வீட்டில் தங்கிவிடுகின்றன. அவற்றைப் பற்றியும் இக்கட்டுரையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தளர்ந்த தசைகள்

கரு தங்கியதும் உடலில் பெருகும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு, கருப்பை அகாலத்தில் சுருங்கிவிடாதபடி அதன் தசையைத் தளர்த்தி வைக்கிறது. ஆனால் அது கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. உணவுக்குழாயின் அடியில் கதவுபோல் மூடித் திறக்கும் தசை, சிறுகுடல், பெருங்குடல், பித்தப்பை ஆகியவையும் அதே வகைத் தசையால் ஆனவை. ஆகவே அவையும் தளர்கின்றன. கதவு இறுக மூடாததால் இரைப்பையின் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கிறது. குடல் மெதுவாக நகர்வதால் வயிறு உப்புகிறது. மலத்திலுள்ள நீர் கூடுதலாக உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. பிந்திய மாதங்களில் வளர்ந்த கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதும் சேர்ந்துகொள்கிறது.

இது நோய் அன்று. குடல் மெதுவாக நகர்வதில் ஒரு நன்மையும் உண்டு. சத்துகளை உறிஞ்சிக்கொள்ள அதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. இரும்புச் சத்தைக் கர்ப்ப காலக் குடல் முன்னினும் திறமையாக ஏற்றுக்கொள்கிறது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. உடல் கூடுதலாக வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கும் அந்தக் காலத்தில்தான் நாம் தட்டைச் சுருக்குகிறோம்.

நெஞ்செரிச்சலுக்கு எங்கள் முதல் யோசனை எளியது. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஒன்பதரை மணிக்கு நான்கு தோசை உண்டு பத்து மணிக்குப் படுப்பவருக்கு எந்தச் சட்னியை நிறுத்தினாலும் எரிச்சல் குறையாது. வயிறு நிறைய மூன்று வேளை என்பதை, அரை வயிறாக ஐந்தாறு வேளை என்று மாற்றுங்கள். புளிப்பும் காரமும் எண்ணெயும் மிகுந்தவற்றை நண்பகலுக்கு நகர்த்துங்கள். அடியோடு விலக்க வேண்டியதில்லை. படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. தலையணைகளை அடுக்கினால் இடுப்புதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்த்துவது அதைவிடப் பயன் தரும்.

இவற்றாலும் தணியாவிட்டால் கர்ப்ப காலத்திலும் கொடுக்கத்தக்க அமில முறிவு மருந்துகள் உள்ளன, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். சமையல் சோடாவையும், நீரில் இட்டால் நுரைத்துப் பொங்கும் சோடா உப்புத் தூள்களையும் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலுள்ள சோடியம் கர்ப்பிணிக்கு ஏற்றதன்று.

மசக்கை பாசாங்கு அன்று

குமட்டலும் வாந்தியும் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வருகின்றன. ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சம் பெற்று, பதினாறு முதல் இருபது வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடும். காலையில்தான் வரும் என்ற விதி கிடையாது.

“நாங்களும்தான் பிள்ளை பெற்றோம், இப்படியா படுத்துக் கிடந்தோம்?” என்ற கேள்வியை மருமகள்கள் இன்றும் கேட்கிறார்கள். அதற்கு அறிவியல் இப்போது விடை சொல்கிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஜிடிஎஃப்15 என்னும் ஒரு சுரப்பு மூளையில் வாந்தி உணர்வைத் தூண்டுகிறது என்றும், கருவுறுமுன் அச்சுரப்பு உடலில் குறைவாக இருந்த பெண்களே அதன் திடீர் உயர்வால் கடுமையாகத் துன்புறுகிறார்கள் என்றும் 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வாய்வில் முன்னின்றவர்களுள் ஒருவரான மார்லினா ஃபெய்சோ, தாமே கடும் வாந்தியால் ஒரு கருவை இழந்தவர். ஒருத்திக்கு லேசாகவும் இன்னொருத்திக்குக் கொடுமையாகவும் மசக்கை அமைவது மன உறுதியைப் பொறுத்ததன்று.

எழுவதற்கு முன்பே படுக்கையில் கொஞ்சம் பொரியோ பொட்டுக்கடலையோ மென்று, கால் மணி நேரம் கழித்து எழுவது பலருக்கு உதவுகிறது. வயிறு வெறுமையாகக் கிடந்தால் குமட்டல் கூடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதேனும் சிறிது உண்ணலாம். நீரை உணவோடு சேர்த்துக் குடிக்காமல் இடைவேளைகளில் மடக்கு மடக்காகக் குடிக்கலாம். ஆறிய உணவில் மணம் குறைவு. சுடுசோறு பிடிக்காதவருக்குத் தயிர்சாதம் இறங்கும். இஞ்சியும் ஓரளவு பயன் தருகிறது. வீட்டார் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு: சில வாரங்களுக்குத் தாளிப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்வது. இந்த நாள்களில் “சத்தான உணவு” என்று வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். எது நிற்கிறதோ அதை உண்ணட்டும். வாந்தி அடங்கியபின் தட்டை விரித்துக்கொள்ளலாம். மருந்து வேண்டியவர்களுக்கு டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. குழந்தைக்கு ஆகாது என்றஞ்சி அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது (50 கிலோ இருந்தவருக்கு இரண்டரைக் கிலோ) என்றால் அது மசக்கையின் எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவமனையில் பார்க்க வேண்டும். பலர் இந்நிலையில் அருகிலுள்ள சிறு மருத்துவகத்தில் “ஒரு பாட்டில் குளுக்கோஸ்” ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். வாரக்கணக்கில் வாந்தி எடுத்த உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. எங்கு சிகிச்சை பெற்றாலும், எத்தனை வாரமாக வாந்தி இருக்கிறது, கடைசியாக என்றைக்கு ஒழுங்காக உண்டார் என்ற இரண்டையும் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே கொண்டுவர வேண்டும்.

அலமாரியில் உறங்கும் மாத்திரை

மலச்சிக்கலைப் பற்றிப் பேசப் பலரும் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு பெரிய செய்தி ஒளிந்திருக்கிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் இறுகுகிறது, குமட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று பல பெண்கள் அதை நிறுத்திவிடுகிறார்கள், எங்களிடம் சொல்வதில்லை. கேட்டால் “சாப்பிடுகிறேன்” என்பார்கள். மாத்திரை அட்டைகள் அலமாரியில் இருக்கும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளுள் 52.2 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். அதனால்தான் இரண்டாம் பருவத்திலிருந்து நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை 180 நாள் எடுக்குமாறு அரசுத் திட்டம் வகுத்திருக்கிறது. இரத்தசோகையோடு பேற்றுக்கு வருபவருக்குச் சாதாரண அளவு உதிரப்போக்கே ஆபத்தாகிவிடும். மலச்சிக்கலை வெட்கப்பட்டு மறைப்பதன் விலை இவ்வளவு பெரிது.

மலம் கறுப்பாவது மாத்திரையின் இயல்பு, அஞ்ச வேண்டாம். குமட்டல் இருந்தால் உணவுக்குப் பின் இரவில் எடுத்துப் பாருங்கள். தேநீரும் காப்பியும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பவை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் அவை வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைச் சாறு போன்றவை உறிஞ்சலுக்குத் துணை செய்யும். கால்சியம் மாத்திரையையும் அமில முறிவு மருந்தையும் இரும்போடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் இவற்றுக்கும் நான்கு மணி நேரம் விட வேண்டும். இத்தனை மாத்திரைகளின் நேரத்தை நினைவில் வைப்பது எளிதன்று. ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவிடும் பொறுப்பைக் கணவர்கள் ஏற்கலாம். அப்படியும் ஒத்துவராவிட்டால் வேறு வகை மாத்திரையோ, நரம்பு வழியே ஏற்றும் இரும்பு மருந்தோ இருக்கிறது. நிறுத்துவதற்கு முன் எங்களிடம் சொன்னால் போதும்.

மலம் இளக, நீர் போதிய அளவு குடிப்பது, நடப்பது, கீரை, வாழைத்தண்டு, கொய்யா, சுண்டல் ஆகியவற்றை நாள்தோறும் ஏதேனும் ஒரு வடிவில் சேர்ப்பது ஆகியவை அடிப்படை. மேல்நாட்டு வகைக் கழிப்பறையில் கால்களைச் சிறு முக்காலியின்மேல் வைத்து அமர்ந்தால் முக்க வேண்டியது குறையும். இசப்கோல் தவிட்டை நிறைய நீரோடு எடுக்கலாம்; நீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழக்கம் கர்ப்ப காலத்தில் வேண்டவே வேண்டாம். அது கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டக்கூடியது.

பருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைவ உணவினரின் தட்டிலிருந்து பருப்பை எடுத்துவிட்டால் புரதத்தில் பெரும்பகுதி போய்விடும். கடலையும் காராமணியும் வாயு தருகின்றன என்றால், இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குழைய வேகவையுங்கள். அதுவும் கடினமென்றால் பாசிப்பருப்புக்கு மாறுங்கள்.

ஒவ்வாமை என்ற பெயரில்

“எனக்கு இது அலர்ஜி” என்ற சொல் இப்போது மிகத் தாராளமாகப் புழங்குகிறது. உண்மையான உணவு ஒவ்வாமையில், உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், மூச்சிரைப்பு போன்றவை தோன்றும். இறாலோ நிலக்கடலையோ முன்பு உங்களுக்கு இப்படிச் செய்திருந்தால் கர்ப்ப காலத்திலும் அதை அண்டக் கூடாது. மூச்சுத் திணறினால் 108ஐ அழையுங்கள். ஆனால் மணம் பிடிக்காமல் குமட்டுவதும், உண்டபின் உப்புசம் தோன்றுவதும் ஒவ்வாமை அல்ல. முன்னதன் பெயர் வெறுப்பு; பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பாலின் கதை வேறு. தென்னிந்தியருள் பலருக்கு வளர்ந்தபின் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. கர்ப்பிணி என்பதற்காகத் திடீரென்று நாள்தோறும் இரண்டு பெரிய குவளை பால் கொடுக்கும்போது வயிறு உப்பி, பேதியாகிறது. குறை பாலின்மேல் இல்லை, அளவின்மேல். அரைக் குவளையாகப் பிரித்து, உணவோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கலாம். தயிரிலும் மோரிலும் லாக்டோஸ் குறைவாக இருப்பதால் அவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. எதுவுமே இயலாதவர்க்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முள்ளோடு மென்று உண்ணும் சிறு மீன்களும் உதவும்.

கோதுமையை நிறுத்திவிட்டு வருபவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் சிதையும் சீலியாக் நோய் உண்மையானதுதான். வட இந்தியாவைவிடத் தெற்கே அது மிக அரிது. ஐயமிருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்தியபின் செய்தால் முடிவு மறைந்துவிடும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே இரத்தத் துளியில் “சகிப்பின்மை” கண்டறிவதாக விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனைகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். அவ்வகை எதிர்ப்பொருள், அந்த உணவை நீங்கள் உண்டு பழகியிருக்கிறீர்கள் என்பதையே பெரும்பாலும் காட்டும். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதை ஏற்பதில்லை. அந்தப் பட்டியலை நம்பிப் பாலும் முட்டையும் பருப்பும் ஒருசேர விலக்கிய கர்ப்பிணியைத் தேற்றுவது எளிய காரியமன்று.

குழந்தைக்கு ஒவ்வாமை வராதிருக்கத் தாய் நிலக்கடலையைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்தும் உலவுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே 2000ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட யோசனையைச் சொன்னது. போதிய ஆதாரம் இல்லையென்று 2008இல் கைவிட்டது. தாய்க்கு ஒவ்வாமை இல்லையெனில் தாராளமாக உண்ணலாம்.

உணவல்லாதவற்றின்மீது வரும் ஆசையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மண், சாம்பல், பலப்பம், பச்சரிசி என்று மறைவாக உண்பவர்கள் உண்டு. இது புதிதன்று. சேரமான் ஒருவனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்டாலன்றிப் பகைவரால் கைக்கொள்ள இயலாது என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியிருக்கிறார். புலவருக்கு அது அழகிய உவமைக்கு உதவியது. எங்களுக்கோ அது இரும்புக் குறைவின் அடையாளம். மண்ணில் புழு முட்டையும் ஈயமும் இருக்கலாம். கடிந்துகொள்ளாமல் அழைத்து வாருங்கள். இரத்தப் பரிசோதனை செய்து இரும்புக் குறையைச் சரிசெய்தால் அந்த ஆசை பெரும்பாலும் தணிந்துவிடும்.

வாயு என்று விட்டுவிடக் கூடாதவை

இதுவரை சொன்னவை தொல்லைகள். இனிச் சொல்பவை அப்படிப்பட்டவை அல்ல. வீட்டுப் பெரியவர்கள் இப்பகுதியைத் தயவுசெய்து இருமுறை படிக்க வேண்டும்.

இருபது வாரத்துக்குப் பின் மேல்வயிற்றில், குறிப்பாக வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே விடாமல் வலித்தால் அது இரத்த அழுத்த உயர்வால் கல்லீரல் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல் ஆகியவை உடன் வரலாம், வராமலும் இருக்கலாம். ஓமத் தண்ணீர் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கும் இரவில் தாய்க்கு வலிப்பு வந்துவிடக்கூடும், குழந்தையின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் எந்நேரமானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். அழுத்தமானி கையில் இல்லாவிட்டாலும் வாருங்கள்.

தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு, இரவில் அதிகமாகிறது என்றால் கத்தரிக்காயை நிறுத்திப் பயனில்லை. கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் இரத்தத்தில் பித்த அமிலம் கூடியிருக்கலாம். அது மிகுந்தால் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர் மஞ்சளாவதும் கர்ப்பிணிக்குக் காத்திருக்கும் நோய் அன்று. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கர்ப்பத்தின் மூன்றாம் பருவத்தில் வந்தாலோ 20 முதல் 25 சதவீதம்வரை உயிரிழப்பு நேரலாம் என்று உலகச் சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு வாரம் பார்ப்போம் என்பது இங்கே பொருந்தாது. கொதித்து ஆறிய நீரையே அருந்துவதும், வெளியில் நீர்மோரும் பழச்சாறும் குடிக்கும்முன் அவற்றில் சேர்ந்த நீரையும் ஐஸையும் எண்ணிப் பார்ப்பதும் இதற்காகவே.

எண்ணெய்ப் பண்டம் உண்டபின் வலப்புற மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்; தளர்ந்த பித்தப்பையில் கல் உருவாவது கர்ப்ப காலத்தில் கூடுகிறது. காய்ச்சலோடு வயிற்றின் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். 37 வாரம் நிறையுமுன் அடிவயிறும் இடுப்பும் இறுகி இறுகித் தளர்ந்து, சீரான இடைவெளியில் வந்து போகும் வலி எதுவாயினும் அதை வாயு என்று வீட்டில் தீர்மானிக்க வேண்டாம். மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்குவதும் கூடாது. அவற்றுள் சில கர்ப்ப காலத்துக்கு ஆகாதவை.

பேறு முடிந்தபின் நெஞ்செரிச்சல் சில நாள்களிலேயே விலகிவிடும். மலச்சிக்கலும் மூலமும் சில வாரங்கள் நீடிக்கலாம், இசப்கோலைத் தொடரலாம். இரும்பு மாத்திரையைப் பேற்றுக்குப் பின்னும் 180 நாள் எடுக்க வேண்டும். அக்காலத்தில் பத்தியம் என்ற பெயரில் தட்டு மீண்டும் சுருங்குவதைப் பார்க்கிறோம். பூண்டும் கருவாடும் மிளகும் சேர்த்த பழைய பத்திய உணவில் ஏற்கத்தக்கவை எவை, தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதுபோல் விலக்கத்தக்கவை எவை என்பதை வேறோர் இதழில் விரிவாக எழுதுவோம். அதற்குள் ஐயம் எழுந்தால், அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மூன்று நாள் உண்டவற்றை நேரத்தோடு குறித்துக்கொண்டு வந்து எங்கள் உணவியலாளரிடம் காட்டுங்கள். நிறுத்திய உணவுகளின் பெயர்களையும் அதே தாளின் பின்புறம் எழுதிவாருங்கள்.